பங்க்கில் அவள் கேட்ட கேள்வி

ஜூலை 6, ஞாயிறு

இன்று என் மனைவியைப் பெட்ரோல் பங்க்கில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

குடையை மறப்பவர்கள் உண்டு, கண்ணாடியை மறப்பவர்கள் உண்டு. நான் சற்றுப் பெரிய அளவில் செய்திருக்கிறேன். சித்தோட்டில் ஒரு புதுமனை புகுவிழா. திரும்பும் வழியில் டேங்க்கை நிரப்பினேன். என் ஸ்கூட்டரில் டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் போட வேண்டுமென்றால் இருவரும் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினோம். போட்டார்கள். சீட்டை மூடினேன், ஏறினேன், கிளம்பினேன். கோகிலவாணி ஏறவில்லை. இந்தச் சிறு விவரம் மட்டும் என் பார்வைக்கு வரவில்லை.

வீரப்பன்சத்திரம் வரை அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். விருந்தில் ரசம் சப்பென்று இருந்தது என்றேன். மறுப்பில்லை. விருந்து வைத்த அவளுடைய பெரியப்பா மகன் கஞ்சன் என்றேன். அதற்கும் மறுப்பில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக என் கருத்துகளுக்கு உரிய மரியாதை கிடைக்கிறது என்று நெகிழ்ந்துபோய், வேகத்தைக்கூடக் குறைத்து ஓட்டினேன். வீட்டு வாசலில் "எறங்கு புள்ள" என்று சொன்னபோதுதான் இறங்குவதற்கு ஆள் இல்லை என்று தெரிந்தது. எதிர்வீட்டு ருக்குமணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் பார்த்தார். அவர் பார்த்தால் வாட்ஸப்பில் போட்டதற்குச் சமம்.

வண்டியைத் திருப்புவதற்குள் கோகிலா ஆட்டோவில் வந்து இறங்கினாள். திட்டவில்லை.

"ஏனுங்க, பங்க்குல நீங்க வண்டிய ஸ்டார்ட் பண்றப்ப ஒண்ணு கேட்டேன். என்ன கேட்டேன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"என்ன கேட்ட?"

"அதயேதான் நானும் கேக்கறேன். 'ஆச்சு ஆச்சு'ன்னு பதில் வேற சொன்னீங்க. என்னங்க ஆச்சு?"

"இன்னொருக்கா கேளு புள்ள, சொல்றேன்."

"பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கே ஒரு தடவதான் கேள்வி சொல்லுவேன். நீங்களே கண்டுபுடிச்சு வாங்க. அதுவரைக்கும் உங்க வண்டியில நான் ஏறமாட்டேன்."

விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருக்கும் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உத்தியோகம், காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு மாலையில் அழைத்து வருவது. அதுவும் போய்விட்டது. ஓய்விலிருந்தே ஒருவரை வேலைநீக்கம் செய்ய முடியும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

ஜூலை 7, திங்கள்

கோகிலா டவுன் பஸ்ஸில் போனாள்.

நான் எதிர்வீட்டுக்குப் போனேன். ருக்குமணியின் கணவர் சென்னியப்பன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கக் கம்பத்தில் ஏறியவர், இப்போது ஊராரின் தலையில் ஏறுகிறார். காலை ஆறு மணிக்கு அவருடைய கார் ஷெட்டில் கவனப் பயிற்சி வகுப்பு. கார் கிடையாது, ஷெட் மட்டும் உண்டு. எங்கெங்கோ படித்தது, கேட்டது எல்லாவற்றையும் கலந்து இலவசமாகச் சொல்லித் தருகிறார். கட்டணம், அவர் பேச்சைக் கேட்பது.

"கொளந்தவேலு, உங்க மனசு லூஸ் கனெக்சனுங்க. அங்கங்க ஸ்பார்க் அடிக்குது, லைட்டு எரிய மாட்டீங்குது. இறுக்கோணும்."

"இறுக்குனா, நேத்து காதுல வுழுந்தது ஞாபகம் வருமுங்களா?"

"காதுல வுழுந்திருந்தா வரும்," என்றார். மனிதர் விஷயம் தெரிந்தவர்தான் போலிருக்கிறது.

முதல் பயிற்சி: கடிகாரத்தின் வினாடி முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை வேறு எதையும் நினைக்காமல் அதையே பார்ப்பது. முள் கிளம்பியது. இரண்டைத் தாண்டும்போது, அந்தக் கடிகாரம் ஏதாவது கல்யாணத்தில் கொடுத்த அன்பளிப்பாக இருக்குமோ என்று தோன்றியது. நான்கில், அது யாருடைய கல்யாணம். ஐந்தில், அந்தப் பெண் இப்போது கணவனோடு இல்லை என்று ருக்குமணி சொன்னாரே. ஆறில் நான் "ஏன் பிரிஞ்சாங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

சிமெண்டுத் தரையில் உட்கார்ந்ததில் முட்டி பிடித்துக்கொண்டது. முட்டிக்குப் போடும் பட்டையைத் தேடினால் காணவில்லை.

ஜூலை 9, புதன்

வினாடி முள்ளோடு ஏழு வரை போய்விட்டேன். முன்னேற்றம்.

என் கட்டம் போட்ட சட்டையையும் காணோம். இஸ்திரி வண்டிக்காரர் மாரப்பனிடம் கேட்டதற்கு, "எண்ணித்தானுங்க குடுத்தேன்" என்றார். திருடுபவர்கள் எல்லோரும் எண்ணித்தான் கொடுப்பார்கள்.

ஜூலை 10, வியாழன்

இரண்டாம் பயிற்சி: ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதுவது. ஹாலின் மூலையில் கோகிலாவின் நீலப் பெட்டி இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

நீல நிறம், துணிப் பெட்டி. ஜிப்பின் இழுப்பான் உடைந்திருக்கிறது, அதற்குப் பதில் ஊக்கு. கைப்பிடியில் பழைய யாத்திரையின் மஞ்சள் கயிறு. வலது ஓரம் புடைத்திருக்கிறது. நேற்று இவ்வளவு புடைக்கவில்லை.

சென்னியப்பனிடம் காட்டினேன். "பிரமாதம்! புடைப்பு வரைக்கும் கவனிச்சிருக்கறீங்க பாருங்க," என்றார். பெட்டியில் என்ன இருக்கும் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பயிற்சி பார்ப்பதற்குத்தான், குடைவதற்கு அல்ல.

ஜூலை 12, சனி

இன்று காய்கறிச் சந்தை. மூன்றாம் பயிற்சியைப் போகிற இடத்திலேயே செய்யலாம் என்றார் குரு. எதைத் திறந்தாலும் உள்ளே கண்ணில் படும் ஐந்து பொருள்களைச் சொல்ல வேண்டும். தக்காளியை வைக்க ஸ்கூட்டர் சீட்டைத் திறந்தேன். துடைக்கும் துணி, மழைக்கோட்டு, செல்லாத இன்ஷூரன்ஸ் தாள், ஸ்பேனர், ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிய பாலித்தீன் கவர். ஐந்துக்கு ஐந்து! சந்தையிலேயே நின்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன். கத்தரிக்காய்க்காரி இரண்டடி தள்ளி நின்றார்.

கோகிலாவிடம் இதைப் பெருமையாக ஒப்பித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அஞ்சாவது என்னங்க சொன்னீங்க?"

"பாலித்தீன் கவரு. ரப்பர் பேண்டு போட்டது."

"சரி. அதுக்கு மேல?"

"அதுக்கு மேல தக்காளி வெச்சேன்."

பெருமூச்சு விட்டாள். நசுங்காமல் வைத்தேனா என்ற கவலை போலும். நசுங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இரு பயிற்சிகள் ஒரே நாளில். எனக்கு வேகம் பிடித்துவிட்டது.

காலையில் வாசனைப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு, வருகிற வாசனைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். சாம்பிராணி, பக்கத்து வீட்டில் மீன், நனைந்த மண், என் பேண்ட்டில் பெட்ரோல். இந்தப் பெட்ரோல் வாசனை ஒரு வாரமாக வருகிறது. முன்பெல்லாம் வந்ததில்லை. பயிற்சியால் மூக்கு கூர்மையாகிவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

மாலையில் ஒலிப் பயிற்சி. ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மின்விசிறியின் கிறீச், குக்கரின் இரண்டாவது விசில், ருக்குமணி யாரையோ "அப்புறம்?" என்று கேட்பது, சமையலறையில் கோகிலா போனில் பேசுவது. அதைச் சொல் மாறாமல் பிடித்தேன்: "மாடி வீடு வேண்டாமுங்க, அவருக்கு முட்டி வலி. கீழ் வீடே பாருங்க. ஆமாங்க, ரெண்டே பேருதான். வெந்நி போட வசதி இருக்குதுங்ளா? பச்சத்தண்ணின்னா அந்த மனுசன் குளிக்கவே மாட்டாருங்க."

பள்ளிக்கூடத்தில் யாருக்கோ வீடு பார்க்கிறாள். குளிக்காத அந்த மனிதரோடு குடும்பம் நடத்தும் பெண்மணியை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

இடி விழுந்தது. விழுந்த இடம் ருக்குமணியின் கேட்.

"ஏனுங்ண்ணா, கோகிலாக்கா ஹெச்செம்மாயி கூடலூருக்குப் போறாங்களாமா! ஸ்வீட்டு எங்க கண்ணுலயே காட்டலீங்களே?"

மனைவி தலைமையாசிரியையாக நீலகிரி மலை ஏறப்போவதை எதிர்வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ளும் கணவனின் முகம் எப்படி இருக்க வேண்டுமோ, அப்படி இருக்கவில்லை என் முகம். "சொல்லலாம்னுதானுங்க இருந்தோம்," என்று சிரித்தேன். நடிப்பில் எனக்கு எப்போதும் கவனம் சிதறியதில்லை.

வீட்டுக்குள் வந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. பங்க்கில் கேட்டது இதைத்தான்! "கூடலூருக்குப் போகட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். நான் "ஆச்சு ஆச்சு" என்றிருக்கிறேன். ஒன்பது நாளில் கண்டுபிடித்துவிட்டேன். பயிற்சி வீண்போகவில்லை.

கண்டுபிடித்த பிறகுதான், அவள் கிளம்பும் நாள் வராமல் வினாடி முள்ளை நிறுத்த முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

நிதானமாக யோசித்தேன். மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படி ஒரு பதவி உயர்வு வந்தது. பர்கூர் மலை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் பள்ளி ஆசிரியர்களில் பாதிப் பேர் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள்தான், அதிலும் பெண்கள். அது முழுக்க முழுக்க அவளுடைய சொந்த முடிவு. அப்போது நான் நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது எனக்கு வயிறு சரியில்லாததால்.

இந்த முறையும் எழுதிக் கொடுத்தால், அவள் ஓய்வு பெறும்வரை மறுபடி வாய்ப்பு வராது. எழுதிக் கொடுக்காவிட்டால், காலைக் காப்பி வராது. இரண்டு பக்கமும் இழப்பு உண்டு என்பதை நடுநிலையோடு பதிவு செய்கிறேன்.

நானும் கூடப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு இங்கே ஆயிரம் வேலை. காலையில் வினாடி முள் இருக்கிறது. பிறகு பேப்பர். அப்புறம் மறுபடி பேப்பர்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அரசு ஆணையை முறியடிக்கப் பஞ்சாங்கத்தை விட்டால் வேறு ஆயுதம் இல்லை. காப்பி குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "ஆடியில யாராச்சும் புது எடத்துக்குக் குடி போவாங்களா?"

"கவர்மெண்டுக்கு ஆடி ஏதுங்க, ஆவணி ஏதுங்க," என்றாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. பிறகு திரும்பி என்னை உற்றுப் பார்த்தாள். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"நானே கவனிச்சேன்," என்றேன் கம்பீரமாக.

அவள் சிரித்தது போலிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள், சரியாகப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகும் பயிற்சி. ஐம்பத்தொன்றில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டையும் காணோம். மாரப்பனை இரண்டு வார்த்தை அதிகமாகவே சொல்லிவிட்டேன். "வேற வண்டிக்காரங்க கிட்ட குடுத்துக்கங்க சாமி," என்று துணி மூட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு.

ஜூலை 22, செவ்வாய்

இன்று பயிற்சி எதுவும் செய்யவில்லை.

கோகிலா கிளம்பிய பிறகு, சும்மா கடை வரை போகலாம் என்று வண்டியை எடுத்தேன். நிறுத்தத்தில் அவள் ஏறிய டவுன் பஸ் என் முன்னால் வந்து சேர்ந்தது. அதைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. பின்கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள். உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் விடைத்தாள் கட்டோடு, பக்கத்தில் நின்ற டீச்சரிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கோகிலா இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. முடியில் காதோரம் நரை ஏறியிருக்கிறது. கண்ணாடியை மாற்றியிருக்கிறாள், கறுப்பு விளிம்பு. எப்போது மாற்றினாள்?

பள்ளிக்கூடம் வந்துவிட்டது. அவள் இறங்கி, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, கேட்டுக்குள் போய், மரத்தடியில் நின்ற ஒரு பெண்ணின் ரிப்பனை இழுத்துக் கட்டிவிட்டு, படியேறி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு மினி லாரிக்காரர் நெடுநேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாராம். அவர் சொல்லித்தான் தெரியும்.

வரும் வழியில் கடைக்குப் போக மறந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் வரலாற்றுச் சிறப்புமிக்க என் உரையை நிகழ்த்தினேன். அவள் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"கோகிலா, நீ கேட்டது ஞாபகம் வந்திருச்சு. நீ போ. ஹெச்செம்மா போய் உக்காரு. இங்க நான் சமாளிச்சுக்குவேன். ஒருக்கா எழுதிக் குடுத்தது போதும்."

இவ்வளவு நல்ல கணவன் இந்தத் தெருவில் இல்லை என்று தோன்றியது.

"எங்கீங்க போறது?"

"கூடலூருக்குத்தான். பங்க்குல கேட்டியே!"

"பெட்ரோல் போடற எடத்துல நின்னுக்கிட்டா பதவி உயர்வப் பத்திக் கேப்பாங்க?" கீரையை வைத்துவிட்டாள். "அத ஜூன் மாசமே சொன்னேனுங்க. கவுன்சலிங் முடிஞ்சு ஆர்டரோட வந்து, லட்டக் கையில குடுத்துச் சொன்னேன். முந்திரி கம்மின்னீங்க."

லட்டு நினைவிருக்கிறது. முந்திரி உண்மையிலேயே கம்மிதான்.

"நான் என்ன சொன்னேன்?"

"எல்லாத்துக்கும் சரின்னீங்க."

"எல்லாத்துக்குமா? எதுக்கெல்லாம்?"

அவள் கைப்பையைத் திறந்து, கறுப்பாக வட்டமாக ஒரு பொருளை எடுத்துக் கீரையின் மேல் வைத்தாள். ஸ்கூட்டரின் பெட்ரோல் டேங்க் மூடி.

"இதுதானுங்க பங்க்குல கேட்டது. 'மூடியப் போட்டீங்களா'ன்னு. பெட்ரோல் போடற மெசின் மேல வெச்சுட்டு 'ஆச்சு ஆச்சு'ன்னு போய்ட்டீங்க. எடுத்துட்டுத் திரும்பறேன், ஆளக் காணோம். அன்னிக்கு சாயந்தரம் நாந்தான் பாலித்தீன் கவரு போட்டு ரப்பர் பேண்டு மாட்டுனேன். நீங்களா பாக்கட்டும்னு விட்டேன். பாக்கவும் பாத்தீங்க. மார்க்குப் போட்டு எங்கிட்டயே ஒப்பிச்சீங்க."

பன்னிரண்டாம் தேதிக் குறிப்பைப் புரட்டினேன். என் அழகிய கையெழுத்தில் இருக்கிறது, ஐந்துக்கு ஐந்து.

"சரி, இங்க சமாளிச்சுக்குவேன்னீங்களே," என்றாள். "இங்கன்னா எங்கீங்க?"

"இங்கதான். வீட்டுல."

"அப்படீங்ளா," என்றாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். என் தியாகம் அவளைத் தடுமாற வைத்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

நாளை அவள் பொறுப்பேற்க வேண்டும். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதால் என் வண்டியில் ஏறினாள். மூடி டேங்க்கில் இருக்கிறதா என்று நான் மூன்று முறை பார்த்தேன். அவள் பின்னால் இருக்கிறாளா என்று வழி முழுக்கப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் என் கவனம் உச்சத்தில் இருந்தது. பஸ் பச்சை நிறம். முன் கண்ணாடியில் எலுமிச்சை மாலை. ஓட்டுநருக்கு முறுக்கு மீசை. நடத்துநருக்கு இடது காதில் பென்சில். கோகிலா இரண்டு பைகளோடு ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், மூன்றாவது வரிசை. பஸ்ஸின் எண்ணை மனதில் பதித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள். "சரி சரி," என்று கையசைத்தேன். பஸ் திரும்பி மறையும்வரை அசைத்தேன். ஒரு நிமிடம்கூடச் சிதறவில்லை. சென்னியப்பன் பார்த்திருந்தால் அழுதிருப்பார். நான் அழவில்லை. தூசி.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினால், கால் வைக்கும் இடத்தில் நீலப் பெட்டி.

உடனே போன் போட்டேன். "புள்ள, பெட்டிய உங்கிட்டக் குடுக்க மறந்துட்டேன்! வண்டியிலயே இருக்குது!"

"மறக்கலீங்க, அது எம்பெட்டி இல்ல," என்றாள் பஸ் இரைச்சலுக்கு நடுவே. "வண்டிய வீட்டுல விட்டுட்டு, மூணு மணி பஸ்ஸுல வாங்கன்னு சொன்னனே. நீங்களும் சரின்னீங்களே. ஜூன்லயும் சரின்னீங்க."

ஊக்கை இழுத்துத் திறந்தேன். முட்டிப் பட்டை, பிரஷர் மாத்திரை, ஒரு ஸ்வெட்டர், நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டை, அதன் கீழே, மாரப்பன் திருடிய என் கட்டம் போட்ட சட்டை.